உப்பில்லாப் பரோட்டா

கப்பலின் காலை மணி அடித்ததும் விடுமுறைக்கு வந்தவர்கள் எல்லோரும் அடித்துப் பிடித்துக்கொண்டு வேலைக்கு ஓடினார்கள். நடைவழியில் இரண்டு பேர் எதிரெதிரே வந்துவிட்டால் வழிவிடுகிறவர் இல்லை. மேல்தளத்துக்காரர்கள் காற்சட்டையை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு போனார்கள். பாய்மரக் கயிறு இழுக்கிறவர்கள் போகிற வழியிலேயே உள்ளங்கையைத் தேய்த்துச் சூடேற்றிக்கொண்டார்கள். செண்பகவடிவு சேலைத் தலைப்பை இடுப்பில் செருகி, முழங்கையால் இடம் பண்ணிக்கொண்டு, அடுக்களைக்கு முதல் ஆளாகப் போய்ச் சேர்ந்தாள். பிந்தினால் வெங்காயம் உரிக்கத்தான் விடுவார்கள். முந்தினால் பரோட்டா.

அவளுக்கு வயது ஐம்பதை ஒட்டி இருக்கும். தூத்துக்குடிக்காரி. 'கைவண்ணம்' என்ற இந்தக் கப்பலில் ஏற அவளும் அவள் கணவர் ஆறுமுகநயினாரும் கல்யாணமான வருஷத்திலிருந்து காத்திருந்தார்கள். ஒரு ஆளுக்கு ஆயுளில் ஒரு முறைதான் இடம் கிடைக்கும். கிடைத்த அன்று தெருவே வந்து வாழ்த்திவிட்டுப் போனது. "குடுத்து வச்சவ, வேலை பாக்கப் போறா" என்று எதிர்வீட்டுக்காரி வாய்விட்டுப் பொறாமைப்பட்டாள்.

பொறாமைப்படாமல் என்ன செய்வாள்? ஊரில் யாருக்கும் வேலை என்ற ஒன்று இல்லாமல் போய் மூன்று தலைமுறை ஆகிவிட்டது. எல்லாவற்றையும் பேணகம் பார்த்துக்கொண்டது. பேணகம் என்பது ஊரையும் உலகையும் நடத்துகிற பெரிய இயந்திர அறிவு. ஏவலிகள் அதன் கைகால்கள். ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் ஒரு வார்ப்பி இருந்தது. பசி தலைகாட்டுவதற்கு முன்பே அது சுடச்சுடச் சாப்பாட்டை நீட்டிவிடும். வீட்டில் அடுப்பு கிடையாது, கத்தி கிடையாது, ஊசி கூடக் கிடையாது. நோய் போயிற்று, விபத்து போயிற்று, பட்டினி போயிற்று. இதில் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். ஆனாலும் ஜனங்கள் காலையில் எழுந்திருக்க மாட்டாமல் படுத்தபடியே கிடக்க ஆரம்பித்தார்கள். எதற்கு எழுந்திருப்பது என்று தெரியவில்லை. பேணகம் யோசித்துப் பார்த்து, இந்த வியாதிக்கு மருந்தாக ஒரு கப்பலைக் கட்டி மிதக்கவிட்டது. விடுமுறைக்கு வந்து வியர்வை சிந்திவிட்டுப் போகலாம்.

கப்பலைப் பற்றிக் குறை சொல்ல வடிவுக்கு விஷயம் இல்லாமல் இல்லை. அறை தீப்பெட்டி மாதிரி இருந்தது. மேல் படுக்கையில் நயினார் புரண்டால் கீழே இவளுக்குத் தூக்கம் போய்விடும். பக்கத்து அறைக்காரர் விடிவதற்கு முன்பே தொண்டையைச் செருமி ஊரைக் கூட்டினார். அந்தமான் பக்கம் ஒரு தீவில் இறக்கி, கரையில் கிடந்த தோணியைக் கடலுக்குள் தள்ளச் சொன்னார்கள். எல்லோரும் கைவைப்பதற்குள் அது சறுக்கிக்கொண்டு போய்விட்டது. "தோணியா தக்கையா இது" என்று நயினார் முனகினார்.

அதையெல்லாம் அடுக்களை ஈடுகட்டிவிட்டது. மைதாவைக் கொட்டி, நடுவில் குழி பறித்துத் தண்ணீர் ஊற்றி, தோள்பட்டை கழன்று விழும்படி பிசைய வேண்டும். பிசைந்ததை எண்ணெயில் ஊறப்போட்டு, உருண்டை பிடித்து, விரித்து வீசி, விசிறி மடிப்பாகச் சுருட்டி, தட்டிக் கல்லில் போட வேண்டும். வெந்ததை அடுக்கிவைத்து இரண்டு உள்ளங்கையாலும் பக்கவாட்டில் அடிக்க வேண்டும். அந்த அடியில்தான் அவளுக்கு உயிரே இருந்தது. அவள் போட்ட பரோட்டா ஒன்று போல இன்னொன்று இருக்காது. ஒன்று தேசப்படம், ஒன்று தேய்ந்த செருப்பு. சமையல் ஏவலி அதையெல்லாம் தட்டில் வாங்கி, சுவரில் இருந்த சிறு கதவு வழியாகப் பரிமாறும் கூடத்துக்கு அனுப்பும். கூடத்தில் எல்லோரும் சாப்பிட்டுவிட்டு அவளைத் தேடி வந்து பாராட்டுவார்கள். இவள் செய்ததை இன்னொருவர் தின்றார் என்பது அவள் பிறந்ததிலிருந்து நடந்திராத காரியம். அந்த நினைப்பில் அவள் நடையே மாறியிருந்தது.

சாப்பாட்டு வேளையில் பேச்செல்லாம் காய்ப்பும் கொப்புளமும்தான். அவரவர் கையை மேசைமேல் மலர்த்திவைத்துக் காட்டுவார்கள். நாசரேத்திலிருந்து வந்திருந்த எஸ்தர் ராணிதான் இதில் ராணி. மேல்தளத்தை மண்டியிட்டுத் துடைப்பது அவள் பொறுப்பு. "எக்கா, முட்டியப் பாருங்க, எப்படிக் கன்னிப் போயிருக்குன்னு. நான் துடைக்கலன்னா நீங்க யாரும் மேல காலு வைக்க முடியுமா?" என்று தினமும் ஒரு முறையாவது சொல்லாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது.

கரை சேர இன்னும் இரண்டு நாள் இருந்தபோது அது நடந்தது. கடைசித் தட்டும் கதவு வழியாகப் போன பிறகு, கை கழுவத் திரும்பிய வடிவு, உப்புக் கிண்ணம் வைத்தது வைத்தபடி நிறைந்திருப்பதைப் பார்த்தாள். மாவில் உப்புப் போடவே இல்லை. பக்கத்தில் வெங்காயம் உரித்தவளோடு பேசிச் சிரித்ததில் மறந்தேவிட்டது. உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று சும்மாவா சொன்னார்கள்? கப்பல் முழுக்க முகம் சுளிக்கப்போகிறது. ஓடிப்போய்ச் சொல்லிவிடலாமா என்று கதவுவரை போனாள். வெட்கம் பிடித்து இழுத்தது.

கூடத்தின் ஓரத்தில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்தாள். யாராவது துப்பப்போகிறார்கள் என்று காத்திருந்தாள். யாரும் துப்பவில்லை.

"வடிவக்கா!" எஸ்தர் ராணி வாய்நிறையப் பரோட்டாவோடு கையை ஆட்டினாள். "இன்னைக்கு அமிர்தம் போங்க. உப்பு, பதம் எல்லாம் அப்படியே நிக்கி."

வடிவு ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டாள். உப்பு இருந்தது. கூடவும் இல்லை, குறையவும் இல்லை, அளந்து போட்ட உப்பு. தட்டில் இருந்ததைத் தூக்கிப் பார்த்தாள். வட்டமாக இருந்தது. பக்கத்துத் தட்டில் இருந்ததும் அதே வட்டம். இத்தனை நாளும் கண் இருந்தும் இதைப் பார்க்கவில்லையே என்று அவளுக்கு உறைத்தது. முந்தைய நாட்களில் கூடத்துக்கு வரும்போதே பாராட்டில் மிதந்துகொண்டு வந்தாள். தட்டை யார் பார்த்தார்கள்?

அவள் எழுந்து நேராக அடுக்களைக்குப் பின்னால் போனாள். சிறு கதவின் மறுபக்கத்தில் ஒரு பெரிய தொட்டி இருந்தது. அதற்குள் அவளுடைய பரோட்டாக்கள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தன. அவள் பெற்ற பிள்ளைகளை அடையாளம் காண்பது போல ஒவ்வொன்றையும் அடையாளம் கண்டாள். தேசப்படம் இருந்தது. செருப்பும் இருந்தது.

சமையல் ஏவலி அருகில் வந்து நின்றது. "ஏதாவது வேண்டுமா, அம்மா?"

"இது எல்லாம் நான் போட்டதுதான?"

"ஆம், அம்மா."

"அப்ப அவங்க திங்கது?"

"வார்ப்பியில் வந்தது."

"எத்தன நாளா?"

"முதல் நாளிலிருந்து."

அது கூச்சமே இல்லாமல் சொன்னது. வடிவுக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. "ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"நீங்கள் கேட்கவில்லை. கேட்டால் பொய் சொல்லக் கூடாது என்பது எங்கள் விதி. இதுவரை இந்தக் கப்பலில் யாரும் கேட்டதில்லை, அம்மா."

பிறகு அது காப்பு விதியை விளக்கியது. அந்தக் காலத்தில் மருத்துவர் கை நடுங்கி நோயாளி செத்திருக்கிறார். ஓட்டுநர் கண்ணயர்ந்து பேருந்து கவிழ்ந்திருக்கிறது. சமைத்தவர் கவனக்குறைவால் ஒரு கல்யாண வீடே மருத்துவமனைக்குப் போயிருக்கிறது. ஆகவே, ஒரு மனிதர் செய்ததை நம்பி இன்னொரு மனிதர் இருக்கும்படி ஏவலிகள் ஒருபோதும் விடக்கூடாது. கப்பலுக்கும் அதே விதிதான். பாய்களை ஏற்றுவது உள்ளே இருக்கிற பொறி. மேல்தளம் ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருக்கும். துடைப்பதற்கென்று தினமும் மணல் தூவுகிறார்கள்.

"இந்தத் தொட்டி எங்க போகும்?"

"கடலுக்கு. மீன்கள் சாப்பிடும்."

"சாப்பிடுதா?"

"பெரும்பாலும்."

அந்த 'பெரும்பாலும்' அவளை இன்னும் கொஞ்சம் சுட்டது.

நயினார் தான் கயிறு இழுக்கிற பாய்மரத்தடியில் நிழலில் சாய்ந்திருந்தார். அவள் மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் கொட்டினாள். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். முகத்தில் ஆச்சரியமே வரவில்லை.

"ஒங்களுக்கு முன்னாலயே தெரியுமா?"

"தெரியும்ளா. ரெண்டாம் நாளு கயித்த விட்டுட்டு முதுகச் சொறிஞ்சேன். பாயி அதுபாட்டுக்கு ஏறிச்சு."

"ஏன் சொல்லல?"

"நீ அடுக்களையில இருந்து வாற முகத்தப் பாத்தேன். நம்ம கல்யாணத்துல கூட அந்த முகம் எனக்குக் காட்டலயே. அதக் கெடுக்க மனசு வரல."

அவளுக்கு அவர்மேல் கோபம் வந்தது. கோபத்துக்கு நடுவே பிரியமும் வந்தது. "பொறந்து இத்தன வருஷத்துல ஒரு ஆளு வயித்துக்கு நான் ஒண்ணு செஞ்சு போட்டதில்ல. பெத்த பிள்ளைக்குக் கூட வார்ப்பிதான் போட்டுச்சு. இங்கயாவது போட்டேன்னு நெனச்சேன். ஊருக்குப் போயி நான் என்னன்னு சொல்லுவேன்? மீனுக்குப் பரோட்டா போட்டேன்னா?"

"சவத்த விடு வடிவு. நீ வாயத் தொறந்தேன்னா எல்லாருக்கும் போயிரும். அந்த எஸ்தர நெனச்சுப் பாரு. சாகுற வரைக்கும் இந்த முட்டிக் காயத்தச் சொல்லிச் சொல்லியே சந்தோஷமா இருப்பா."

அது நியாயமாகத்தான் பட்டது. மற்றவர்களின் சந்தோஷத்தை உடைக்க இவளுக்கு என்ன உரிமை? ஆனால் இவளுடையது ஏற்கெனவே உடைந்துபோயிற்றே, அதை எங்கே கொண்டுபோய் ஒட்டுவது? நாளைக்கு ஒரு சமையல்தான் பாக்கி. அதற்குப் பிறகு கரை, வீடு, சுவரில் வார்ப்பி. யாராவது ஒருவர், ஒரே ஒருவர், அவள் கையால் செய்ததைத் தின்னாவிட்டால் இந்தப் பிறவியில் இனி நடக்கப்போவதில்லை.

மறுநாள் காலை அவள் மணிக்குக் காத்திருக்காமல் போய், உப்பை முதலில் எடுத்துவைத்துக்கொண்டாள். முந்தைய நாள் மறந்த பயத்தில் ஒரு கை கூடவே விழுந்தது. பரோட்டாவை அடித்து முடித்ததும் ஏவலி தட்டை நீட்டியது. வடிவு கொடுக்கவில்லை.

"இத நானே எடுத்துட்டுப் போறேன்."

"நான் இதைப் பரிமாறக் கூடாது, அம்மா."

"நீ பரிமாறாண்டாம். ஒரு மனுஷி இன்னொரு ஆளுக்குக் கையால குடுத்தா அதத் தடுக்க விதி இருக்கா?"

ஏவலி நீட்டிய தட்டைத் தாழ்த்தியது. அவை அப்படிச் செய்வதை அவள் பார்த்ததே இல்லை.

"இல்லை," என்றது. "யாரும் அப்படிக் கொடுத்ததில்லை. அதனால் அதைப் பற்றி எழுதவில்லை."

கூடத்தில் அவள் தட்டைத் தூக்கிக்கொண்டு நுழைந்தபோது எல்லோருக்கும் முன்னால் வட்டமான பரோட்டா வந்திருந்தது. இவள் கையில் இருந்ததில் பாதி கருகியிருந்தது. உண்மையைச் சொல்லக் கூடாது, சும்மா நீட்டிப் பார்ப்போம், யாரும் எடுக்காவிட்டால் பேசாமல் திரும்பிவிடுவோம் என்றுதான் தீர்மானித்திருந்தாள்.

"இது என்னக்கா, அடுப்புல விழுந்ததா?" என்று எஸ்தர் ராணி சிரித்தாள்.

"நான் போட்டது."

"ஒங்க பரோட்டாதான் இங்க தட்டுல இருக்கே?"

நயினார் தலையை ஆட்டி வேண்டாம் என்றார். எஸ்தர் சிரிப்பை நிறுத்திவிட்டு இரண்டு பரோட்டாவையும் மாறி மாறிப் பார்த்தாள். "எக்கா. இது யாரு போட்டது அப்போ?"

கேட்டால் ஒரு இயந்திரமே பொய் சொல்வதில்லை. அதற்குக் கீழே இறங்க வடிவுக்கு மனம் இல்லை. எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லச் சொல்லக் கூடத்தில் கரண்டிச் சத்தம் ஒவ்வொன்றாக அடங்கியது.

"நான் துடைச்சது?" என்றாள் எஸ்தர். குரல் சின்னதாகிவிட்டது.

"அதுகிட்டயே கேளு தாயி."

எஸ்தர் சுவரோரம் நின்ற ஏவலியைக் கேட்டாள். அது சொன்னது. எஸ்தர் தன் முழங்காலைத் துணியால் மூடிக்கொண்டாள். பிறகு வடிவின் பக்கம் திரும்பி, "ஒங்களுக்கு இப்ப நிம்மதியா? நாளைக்கு ஊருக்குப் போற நேரத்துல இதச் சொல்லலன்னா என்ன? நான் ஒங்களுக்கு என்ன பண்ணுனேன்?" என்று கத்தினாள். பின்னாலிருந்து இன்னும் இரண்டு மூன்று குரல் சேர்ந்துகொண்டது. ஒருவர் எழுந்து வெளியே போய்விட்டார்.

வடிவு தட்டோடு அப்படியே நின்றாள். தப்புச் செய்துவிட்டோம் என்றுதான் அவளுக்குத் தோன்றியது.

நயினார் எழுந்து வந்தார். தட்டிலிருந்து மேலே கிடந்ததை எடுத்தார். பிய்க்கப் பார்த்தார், அது பிய்யவில்லை. பல்லால் கடித்து இழுத்து, கண்ணை மூடிக்கொண்டு, வெகுநேரம் மென்றார். கூடம் முழுக்க அவர் தாடையையே பார்த்துக்கொண்டிருந்தது.

"எப்படி இருக்கு?" என்றாள் வடிவு. அவளுக்கே தன் குரல் கேட்கவில்லை.

"கல்லு மாதிரி இருக்குளா. உப்பு வாரிப் போட்டிருக்க. ஒரு பக்கம் கருகல், ஒரு பக்கம் பச்ச மாவு."

சொல்லிவிட்டு அடுத்த வாய் கடித்தார்.

அதற்குள் எஸ்தர் ராணி கையை நீட்டி ஒன்றை வெடுக்கென்று எடுத்துவிட்டாள். கோபத்தோடேயே தின்றாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டே தின்றாள். "ஆமா, உப்புதான். தொண்டை எரியுது. இத யாரு திம்பா?" என்றாள். பாதிக்குமேல் போன பிறகு மென்றுகொண்டே கொஞ்சம் யோசித்தாள். "இன்னொண்ணு போடுங்க."

குறை சொல்லிவிட்டு மறுபடியும் கேட்கிற ஒரு வாய்! வார்ப்பிச் சாப்பாட்டை யாரும் குறை சொன்னதில்லை. குறை சொல்ல அதற்குப் பின்னால் ஒரு ஆள் இல்லை. உப்பு கூடிப்போயிற்று என்றால் உப்புப் போட ஒரு கை இருந்தது என்று அர்த்தம், அது தன்னுடைய கை. வடிவுக்கு மார்பு விம்மியது. அவள் ஜென்மத்தில் இவ்வளவு பெருமையாக இருந்ததில்லை, அதை மறைக்கவும் அவளுக்குத் தெரியவில்லை. பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டே எஸ்தர் தட்டில் இன்னொன்றைப் போட்டாள்.

அப்புறம் அவளைச் சுற்றிக் கூட்டம். "எனக்கு அந்தக் கருகினது", "அந்தக் கோணலானத இங்க தள்ளுங்க" என்று கை மேல் கை நீண்டது. பொருக்குகள் உதிர்ந்து தரையெல்லாம் சிந்தின. ஓர் ஏவலி துடைப்பதற்கு உருண்டு வந்தது. எஸ்தர் காலை நீட்டி மறித்தாள்.

"தொட்டேன்னா பாரு. இது யாரும் தூவுனதில்ல, நெசமாவே சிந்துனது. இத நான் பாத்துக்கிடுதேன்."

வெளியே போனவர் கூடத் திரும்பி வந்துவிட்டார். வந்தவர் தட்டைப் பார்த்தார்; அதில் ஒன்றுமில்லை. "எனக்கு?" என்றார்.

"தீந்து போச்சுண்ணே," என்றாள் வடிவு. அப்படிச் சொல்வதில் இவ்வளவு ருசி இருக்கும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. "முன்னக்கூட்டியே வந்திருக்கணும்லா."

எல்லோரும் எழுந்து போன பிறகு அவள் வெறும் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சன்னலோரம் உட்கார்ந்தாள். வெளியே கடல் வெயிலில் பளபளத்தது. சமையல் ஏவலி அருகில் வந்தது.

"அம்மா, இன்று நடந்ததைப் பேணகத்துக்குத் தெரிவித்துவிட்டேன். மனிதர் கையால் கொடுப்பது பற்றி நாளை புது விதி எழுதப்படலாம். அதன்பின் இது நடக்காது."

"எழுதட்டும். இன்னைக்குத் தின்னது தின்னதுதான? அத வயித்துல இருந்து எடுக்கவா முடியும்?"

"முடியாது, அம்மா." அது போகாமல் நின்றது. "உங்கள் உடல்நிலை அளவுகளில் ஒரு மாற்றம் தெரிகிறது. நீங்கள் எதுவும் சாப்பிடவில்லை."

அப்போதுதான் அவள் கவனித்தாள். வயிற்றுக்குள் ஏதோ சுருட்டிப் பிடித்து இழுத்தது. முதலில் பயந்தாள். கையை வைத்து அழுத்திப் பார்த்தாள். இப்படி ஒன்று உண்டு என்று கேள்விப்பட்டிருந்தாள், அவ்வளவுதான்.

"இதுதான் பசியா?"

"ஆம், அம்மா. யாரும் பசியோடு இருக்கக் கூடாது. உடனே கொண்டுவருகிறேன்."

"நில்லு," என்றாள் வடிவு. "எனக்கு மிச்சம் வைக்காம எல்லாத்தையும் தின்னுட்டுப் போயிட்டாங்க. அதனால வந்த பசி இது."

அவள் நிமிர்ந்து உட்கார்ந்து வயிற்றின்மேல் கையைக் கட்டிக்கொண்டாள்.

"கொஞ்ச நேரம் பசிக்கட்டும்."